பத்து வருடக் கணினி: ஓஎஸ் (இயங்குதளம்) மாற்றுவதா, பெட்டியையே மாற்றுவதா?

ஒற்றெழுத்து | நவம்பர் 7, 2025 | இரவு 9.12

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. தவறான பகுதியில் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

என் வேலை புத்தகப் பக்க வடிவமைப்பு, பிழை திருத்தம். கணினி 2016-இல் வாங்கியது. இன்டெல் ஐ5-6500, எச்110 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய் முகம் கழுவி வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரவுசரில் நாலு டேப் திறந்தால் ஐந்தாவதுக்கு மூச்சு வாங்குகிறது.

போன மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்) முடிந்துவிட்டது. சரி, 11 போடலாம் என்று பார்த்தால் உங்கள் பிராசசர் பட்டியலில் இல்லை என்கிறது. யாரைக் கேட்டாலும் “புதுசு வாங்கிடுங்க” என்ற ஒரே பதில்தான்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய தயக்கம் வேறு. பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு நிரலில் செய்த பழைய கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாமே யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில். பில் போட, நண்பர் ஒருவர் எப்போதோ பாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதிக் கொடுத்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல் ஒன்று உண்டு. கறுப்புத் திரைதான், ஆனால் இன்றைக்கும் ஓடுகிறது. அப்புறம் ஒரு பழைய ஸ்கேனர். புதுப் பெட்டியில் இவையெல்லாம் ஓடுமா? ஓடாவிட்டால் என்ன செய்வது?

கருந்திரை | நவம்பர் 7, 2025 | இரவு 9.20

புதுசு வாங்கிடுங்க :)

பத்து வருடம் உழைத்துவிட்டது. போதும், விட்டுவிடுங்கள்.

திருகாணி | நவம்பர் 7, 2025 | இரவு 10.05

வாங்குவது கடைசி வேலை, அதை முதலில் ஏன் செய்ய வேண்டும்? ஒற்றெழுத்து, நீங்கள் இரண்டு நோயை ஒரே சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்பது ஒன்று. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்பது இன்னொன்று. ஆதரவு முடிந்ததால் கணினி மெதுவாகவில்லை. அக்டோபர் 13 அன்று எப்படி ஓடியதோ 15 அன்றும் அப்படித்தான் ஓடியிருக்கும். விண்டோஸ் 11 போட்டால் வேகமாகிவிடும் என்பதும் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எது வாங்கினாலும் பாதி வீண்.

முதலில் மெதுவுக்கு வருவோம். கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பர்பார்மன்ஸ் பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். டிஸ்க்கில் ‘சராசரி பதில் நேரம்’ என்று ஒரு எண் இருக்கும், அதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சும்மாஇரு | நவம்பர் 7, 2025 | இரவு 10.31

நான் விண்டோஸ் எக்ஸ்பியை 2016 வரை ஓட்டினேன், விண்டோஸ் 7-ஐ 2022 வரை. எதுவும் ஆகவில்லை. இந்த ‘ஆதரவு முடிந்தது’ என்பதெல்லாம் புதுசு விற்பதற்கான பூச்சாண்டி. ஆன்டிவைரஸ் இருக்கிறதா, கண்ட இணைப்பையும் சொடுக்காமல் இருக்கிறீர்களா, அது போதும். ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்றிப் போட வேண்டும்?

பூட்டுக்காரி | நவம்பர் 8, 2025 | காலை 7.48

> ஆன்டிவைரஸ் இருக்கிறதா, கண்ட இணைப்பையும் சொடுக்காமல் இருக்கிறீர்களா, அது போதும்.

சும்மாஇரு அண்ணா, உங்களுக்கு எதுவும் ஆகாததில் சந்தோஷம். ஆனால் 2017 மே 12 அன்று வானாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியபோது பலரும் எதையும் சொடுக்கவில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்த கணினிகளுக்கு அது தானாகவே தாவியது. கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி நெறிமுறையில் இருந்த ஒரு ஓட்டைதான் வழி. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்னால், மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது ஏழுக்கு ஆதரவு இருந்தது, போட வேண்டியவர்கள் போடவில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தும், நிலைமையைப் பார்த்து அதற்கும் அவசரமாக ஒரு அப்டேட் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரல் பெரும்பகுதி ஒன்றே. 11-இல் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டதும், அதைப் பிரித்துப் பார்த்து எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை 10-இல் அடைபடாமல் கிடக்கும். அதாவது ஒவ்வொரு மாதமும் 11-க்கு வரும் அப்டேட், 10-இல் எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் வரைபடம் மாதிரி.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், உண்மைதான். அதை ஓஎஸ் ஆதரவு என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. காவலாளிக்குத் திருடர்கள் படத்தைக் கொடுத்துவிட்டு, உடைந்த கதவை அப்படியே விடுவது போல.

சும்மாஇரு | நவம்பர் 8, 2025 | காலை 8.15

காவலாளி எனக்குப் போதும் அம்மா. என் கணினியில் வங்கி வேலை எதுவும் கிடையாது, பழைய பாட்டுதான் இருக்கிறது. வேண்டுமானால் திருடிக்கொண்டு போகட்டும்.

பூட்டுக்காரி | நவம்பர் 8, 2025 | காலை 8.22

அப்படியென்றால் உங்கள் முடிவு உங்களுக்குச் சரிதான், கிண்டலாகச் சொல்லவில்லை. நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் இன்னும் சரி. ஒற்றெழுத்துவிடம் மற்றவர்கள் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றனவே, அதுதான் வித்தியாசம்.

மின்மினி | நவம்பர் 8, 2025 | காலை 10.40

பிராசசரை மட்டும் மாற்றினால் ஆகாதா? ஐ5-6500 உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறை ஐ3-8100-உம் அதே எல்ஜிஏ 1151 என்றுதான் போட்டிருக்கிறது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்கிறது. பழைய பிராசசர் ஒன்று கிடைத்தால் வேலை முடிந்தது.

திருகாணி | நவம்பர் 8, 2025 | காலை 11.02

பொறி அங்கேதான் இருக்கிறது தம்பி. பெயர் ஒன்று, உட்காரவும் உட்காரும், ஆனால் கணினி எழாது. எட்டாம் தலைமுறைக்கு இன்டெல் பின்களின் மின் ஒதுக்கீட்டை மாற்றிவிட்டது, அதற்கு மதர்போர்டில் 300 வரிசை சிப்செட் (கட்டுப்பாட்டுச் சில்லு) வேண்டும். எச்110 என்பது 100 வரிசை. அதில் ஆறாம் தலைமுறை ஓடும், பயாஸை (கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரல்) அப்டேட் செய்தால் ஏழாம் தலைமுறை ஓடும், அதோடு முடிந்தது. ஏழாம் தலைமுறையையும் (ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர) விண்டோஸ் 11 ஏற்காது. இதே காரணத்துக்காகப் பிராசசர் வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்திருப்பவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பேன்.

பிராசசர் மாறினால் மதர்போர்டு மாற வேண்டும். மதர்போர்டு மாறினால் ராம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. ஒரு பாகத்தில் ஆரம்பித்தால் மிஞ்சுவது தகரப் பெட்டிதான்.

ஒற்றெழுத்து | நவம்பர் 8, 2025 | மாலை 6.30

திருகாணி அண்ணா சொன்னபடி பார்த்தேன். பிரவுசரும் பேஜ்மேக்கரும் திறந்திருந்தபோது:

சிபியு 11 சதவீதம்.
மெமரி 94 சதவீதம்.
டிஸ்க் 100 சதவீதம். ஆனால் வேகம் என்று பார்த்தால் நொடிக்கு 2 எம்பிகூட இல்லை. சராசரி பதில் நேரம் 600 மில்லிசெகண்டுக்கு மேல் போகிறது.

100 சதவீதம் வேலை செய்துகொண்டு 2 எம்பிதான் என்றால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறதா?

திருகாணி | நவம்பர் 8, 2025 | இரவு 8.14

பயப்படாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கின் சுபாவமே அது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதற்கே 4 மில்லிசெகண்ட் ஆகிறது. தலை நகர்ந்து அந்தத் தடத்துக்குப் போக இன்னும் எட்டோ ஒன்பதோ. ஆக நொடிக்கு எண்பது இடத்தில் தேட முடிந்தால் அதிகம். ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படித்தால் 150 எம்பிகூட வரும். துண்டு துண்டாக அங்கொன்றும் இங்கொன்றும் கேட்டால் 2 எம்பிக்கே நாக்குத் தள்ளிவிடும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதே நொடியில் பல்லாயிரம் இடத்தில் தேடும். சாதாரண சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் வழக்கமான செருகி வகை) எஸ்எஸ்டி போதும், உங்கள் மதர்போர்டில் சாட்டா செருகி எப்படியும் காலியாக இருக்கும்.

சிபியு 11 சதவீதம் என்பதைக் கவனித்தீர்களா? எல்லோரும் மாற்றச் சொன்ன பிராசசர்தான் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச நிரலில் 05, சி5 இரண்டு வரிசையும் (டிஸ்க்கில் பழுதான இடங்களின் கணக்கு) பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் இல்லை என்றால் வேறு எதையும் தொடாமல் முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. 8 ஜிபியில் நாலு டேப்பும் பேஜ்மேக்கரும் திறந்து 94 சதவீதமா? பேஜ்மேக்கர் 2001-இல் வந்த சாமான், அது சாப்பிடுவது ஒரு கவளம்தான்.

நடுநிசி நிரலர் | நவம்பர் 9, 2025 | அதிகாலை 1.07

உறுத்த வேண்டிய இடம் முதல் பதிவிலேயே இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. “டாஸ் நிரல், இன்றைக்கும் ஓடுகிறது” என்று எழுதியிருக்கிறார். எதில் ஓடுகிறது? விண்டோஸ் 10-இல். 64-பிட் விண்டோஸில் 16-பிட் டாஸ் நிரல் நேரடியாக ஓடவே ஓடாது, அதற்கான அடுக்கே அதில் கிடையாது. 32-பிட் விண்டோஸில்தான் உண்டு.

ஒற்றெழுத்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் கடைசியாக இருக்கும் அபௌட் பக்கத்தைத் திறந்து ‘சிஸ்டம் டைப்’ வரியையும் ‘இன்ஸ்டால்ட் ராம்’ வரியையும் அப்படியே எழுதுங்கள். எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

ஒற்றெழுத்து | நவம்பர் 9, 2025 | காலை 6.55

ராம்: 8.00 ஜிபி (பயன்படுத்தக் கூடியது 3.41 ஜிபி).
சிஸ்டம் டைப்: 32-பிட் இயங்குதளம், 64-பிட் பிராசசர்.

இதற்கு என்ன அர்த்தம்? மீதி 4.59 ஜிபி எங்கே போனது?

நடுநிசி நிரலர் | நவம்பர் 9, 2025 | காலை 7.20

ஒன்பது வருடமாக உங்கள் பெட்டிக்குள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

32 பிட்டில் எழுத முடிகிற முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. ஒரு பைட்டுக்கு ஒரு முகவரி என்றால் 4 ஜிபி. அதற்கு மேல் வீடு இருந்தாலும் கதவு எண் கிடையாது. அந்த நாலிலும் கிராபிக்ஸ் முதலான சாதனங்களுக்கு ஒரு பங்கு போய்விடும். மீதிதான் நீங்கள் பார்க்கிற 3.41. ராம் தீர்ந்ததும் விண்டோஸ் என்ன செய்யும்? இப்போது தேவைப்படாததை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். நொடிக்கு எண்பது முறைதான் தேட முடிகிற அதே டிஸ்க்கில். நீங்கள் டேப் மாற்றும்போது கேட்கும் கரகர சத்தம் அதுதான்.

ஒற்றெழுத்து | நவம்பர் 9, 2025 | காலை 8.02

தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி வாங்கியபோது பொருத்திக் கொடுத்தவரிடம் “பில் நிரல் ஓட வேண்டும்” என்று நான்தான் சொன்னேன். அதற்காக 32-பிட் போட்டிருக்கிறார் போல. 8 ஜிபி ராமையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கருந்திரை | நவம்பர் 9, 2025 | காலை 9.30

சரி, “புதுசு வாங்கிடுங்க” என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இந்த வாரத்துக்கு மட்டும்.

பனையோலை | நவம்பர் 9, 2025 | காலை 10.11

என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். போன மாதம் அறிவிப்பைப் பார்த்துப் பதறி ஒரு லேப்டாப் வாங்கினேன். மெல்லியது, அழகானது, விண்டோஸ் 11. ராம் 8 ஜிபி. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் ராம் மதர்போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது, ஸ்லாட்டே இல்லை. ஆயுசுக்கும் 8 ஜிபிதான். வாங்குகிறவர்கள் பிராசசர் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ராமைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் 16-க்குக் கீழே தொடாதீர்கள்.

ஆப்பிள் பக்கமும் பழைய கணினிகளுக்கு ஆதரவு முடிகிற கதை உண்டு. தங்கைக்கு இன்டெல் மேக் ஒன்று இருக்கிறது. இந்த செப்டம்பரில் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக்ஓஎஸ் என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் எல்லா இன்டெல் மேக்குக்கும் இல்லை.

நடுநிசி நிரலர் | நவம்பர் 9, 2025 | பகல் 12.25

ஒற்றெழுத்துவுக்கு என் யோசனை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். கணினியை அணைத்து, அதன் சாட்டா கேபிளைக் கழற்றி ஓரமாக விடுங்கள். புது எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி அதில் 64-பிட் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவுங்கள். 32-இலிருந்து 64-க்கு மேலேயே ஏற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். லைசென்ஸ் கவலை வேண்டாம். ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, அதே பதிப்பைப் போட்டு நெட்டில் இணைத்தால் அதே மதர்போர்டு என்று தெரிந்துகொண்டு தானாக ஆக்டிவேட் ஆகும். ஏதாவது ஓடவில்லையா? கேபிளை மாற்றிச் செருகினால் பழைய கணினி பழையபடியே எழும். இதைவிட எளிதான பின்வாங்கும் வழி கிடையாது. பயாஸில் பழைய லெகசி முறையை முழுதாக அணைத்துவிடாதீர்கள், பழைய டிஸ்க் அதில்தான் கிளம்பும்.

டாஸ் நிரலுக்கு டாஸ்பாக்ஸ் அல்லது விடாஸ், இரண்டும் புது விண்டோஸுக்குள் டாஸைப் போல நடித்துப் பழைய நிரலை ஓட்டுபவை. பில் அச்சிட வேண்டும் என்பதால் விடாஸை முதலில் முயலுங்கள், அது அலுவலக வேலைக்கென்றே செய்தது. அதையும் தாண்டி, பாக்ஸ்புரோ தகவலைச் சேமிப்பது டிபிஎப் கோப்புகளில். அவற்றை லிப்ரே ஆபீஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். ஆகவே நிரல் ஒருநாள் ஓடாமல் போனாலும் கணக்குப் போகாது.

மின்மினி | நவம்பர் 9, 2025 | பகல் 1.03

திரும்பவும் விண்டோஸ் 10-ஆ? ஆதரவு முடிந்ததைத்தானே இவ்வளவு நேரம் பேசினோம். ரூபஸ் என்ற நிரலில் நிறுவும் பென்டிரைவ் செய்தால் பிராசசர் சோதனையைத் தவிர்த்து 11-ஐயே போட்டுவிடலாமே. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பூட்டுக்காரி | நவம்பர் 9, 2025 | பகல் 2.40

போடலாம், ஓடும். ஐ5-6500-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கேட்கும் கட்டளைகள் எல்லாம் இருக்கின்றன, அதனால் கிளம்பவே மறுக்கும் சிக்கல் இல்லை. (அதைவிட மிகப் பழைய பிராசசர்களுக்கு 24எச்2 கதவை அடைத்தே விட்டது.) ஆனால் ஆதரிக்கப்படாத கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. மாதாந்திர அப்டேட் இப்போது வருகிறது. வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் நீங்களே பென்டிரைவோடு உட்கார வேண்டும். உங்களுக்கு அது விளையாட்டு, ஒற்றெழுத்துவுக்கு அச்சகத்துக்குப் பக்கங்கள் அனுப்ப வேண்டிய நாளில் அது தலைவலி.

10-க்கு ஒரு வருட அவகாசம் இருக்கிறது. இஎஸ்யு என்கிற நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட். 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கில் உள்நுழைய வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், புது வசதி எதுவும் வராது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஆக அடுத்த அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. பதறி வாங்குவதற்கும் பார்த்து வாங்குவதற்கும் நடுவே இருப்பது அந்தப் பதினோரு மாதம்தான்.

தென்றல்_லினக்ஸ் | நவம்பர் 9, 2025 | மாலை 4.18

இத்தனை பேர் பேசியும் ஒருவர்கூட லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பெயரை எடுக்கவில்லையே!

கருந்திரை | நவம்பர் 9, 2025 | மாலை 4.19

எடுத்தால் நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை.

தென்றல்_லினக்ஸ் | நவம்பர் 9, 2025 | மாலை 4.45

சிரியுங்கள். லினக்ஸ் மிண்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, உங்கள் ஐ5-ஐ அது வயதானவராகவே நினைக்காது. பேஜ்மேக்கரை விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன், அது நியாயம் இல்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். மிண்டை ஒரு பென்டிரைவில் எழுதி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைக் கிளப்பிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. ஸ்கேனரைச் செருகுங்கள். விண்டோஸுக்கு டிரைவர் எழுதுவதை உற்பத்தியாளர் நிறுத்திவிட்ட பல பழைய ஸ்கேனர்கள் சேன் என்ற நிரல்தொகுப்பில் இன்னும் வேலை செய்கின்றன. 64-பிட் விண்டோஸ் 32-பிட் டிரைவரை ஏற்காது, அதனால் ஸ்கேனர்தான் உங்களுக்கு முதலில் உதைக்கப் போகிறது.

தமிழ் தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம், தமிழ்99 அதில் உண்டு.

வெள்ளெருக்கு | நவம்பர் 10, 2025 | காலை 9.00

ஒரு எச்சரிக்கை, இப்போது இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் புதுசு வாங்கும்போது நினைவுக்கு வரட்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகிவிடுவது உண்டு. நமக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் வழக்கம்போல ஓடும். நான் பயாஸை அப்டேட் செய்தேன். மறுநாள் காலை நீலத் திரை, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. எந்த எண்? கணக்கை உண்டாக்கியது அண்ணன் மகன், எதற்கோ ஒரு மின்னஞ்சலை அப்போதைக்குக் கொடுத்திருக்கிறான், அவனுக்கே மறந்துவிட்டது. மூன்று வருடப் படங்கள் போயே போய்விட்டன. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்த எண் உங்கள் கணக்கில் இருக்கும். இன்றைக்கே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பேஜ்மேக்கர் பித்தன் | நவம்பர் 10, 2025 | காலை 11.36

பேஜ்மேக்கர் 7.0, 32-பிட் நிரல். நான் 64-பிட் விண்டோஸ் 10-இல்தான் ஓட்டுகிறேன், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட விட்டால் ஓடுகிறது. அவ்வப்போது கோபித்துக்கொண்டு மூடிக்கொள்ளும், முன்பும் அப்படித்தானே. பாமினி சாதாரண டிடிஎப் எழுத்துரு, எந்த விண்டோஸிலும் ஏறும்.

ஓடுகிறதா என்பதைவிட அந்தக் கோப்புகளை வெளியே எடுப்பதுதான் உண்மையான வேலை. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் நிரலில் சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை நேரடியாகத் திறக்கும். அதற்குப் பிறகு வந்த சிசி பதிப்புகள் திறக்காது. யாரிடமாவது சிஎஸ்6 இன்னும் உயிரோடு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், கூடவே பாமினியை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு கொம்பு, கால், ஒற்று எல்லாம் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் பெயரே ஒற்றெழுத்து, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றெழுத்து | நவம்பர் 23, 2025 | இரவு 8.50

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒரு புத்தகம் முடிக்க வேண்டியிருந்தது. வேலை நடுவில் கை வைக்காதே என்று திருகாணி அண்ணா தனிச்செய்தியில் சொன்னதால் அது முடிந்த பிறகுதான் திறந்தேன்.

நடந்தது இது. கிரிஸ்டல்டிஸ்க்இன்போவில் 05 வரிசை பூஜ்யம் இல்லை. பெரிய எண் இல்லை என்றாலும் பூஜ்யம் இல்லை. அன்றே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன், அதற்கே ஒரு ராத்திரி ஆனது. பிறகு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டி 64-பிட் விண்டோஸ் 10 போட்டேன். ஆக்டிவேஷன் தானாக வந்துவிட்டது. இஎஸ்யு சேரும் இணைப்பு உடனே வரவில்லை, எல்லா அப்டேட்டும் ஏறி இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்த பிறகு வந்தது.

ராம் வரியில் இப்போது அடைப்புக்குறியே இல்லை, 8.00 ஜிபி, அவ்வளவுதான். முன்பு மூன்றரை நிமிடம் எடுத்தது இப்போது இருபத்தெட்டு நொடி, கைபேசியில் அளந்து பார்த்தேன். முகம் கழுவ நேரம் இல்லை.

விடாஸில் பில் நிரல் ஓடுகிறது, அச்சும் வருகிறது, ஒரு வரி மட்டும் வலது ஓரத்தில் வெட்டுப்படுகிறது. ஸ்கேனர் தென்றல் சொன்னபடியே உதைத்தது. மிண்ட் பென்டிரைவில் செருகியதும் எந்த டிரைவரும் கேட்காமல் ஸ்கேன் செய்துவிட்டது! எஸ்எஸ்டியில் 60 ஜிபி ஒதுக்கி மிண்டையும் போட்டுவிட்டேன், ஸ்கேன் செய்வதற்கு மட்டும்.

தென்றல்_லினக்ஸ் | நவம்பர் 23, 2025 | இரவு 8.53

“ஸ்கேன் செய்வதற்கு மட்டும்.” எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

திருகாணி | நவம்பர் 23, 2025 | இரவு 9.15

நல்லது. பெட்டி திறந்திருக்கும்போதே பிராசசர் விசிறியில் தூசி தட்டினீர்களா? மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. ஒன்பது வருடம் ஆகிறது, மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி தப்பும், பயாஸ் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். நீங்கள் கணினி கிளம்பவில்லை என்று நள்ளிரவில் எனக்குத் தனிச்செய்தி அனுப்புவீர்கள்.

அடுத்த அக்டோபருக்கு என்ன யோசனை?

ஒற்றெழுத்து | நவம்பர் 23, 2025 | இரவு 9.40

பேட்டரி மாற்றிவிட்டேன், தூசி ஒரு கைப்பிடி இருந்தது.

அக்டோபருக்குள் பேஜ்மேக்கர் கோப்புகளை மாற்றி முடிப்பதாக இருக்கிறேன். பழைய நண்பரிடம் சிஎஸ்6 இருக்கிறது, வாரம் ஒருநாள் அவர் கணினியில் உட்காரச் சொல்லியிருக்கிறார். 412 கோப்புகள், இதுவரை 19 முடிந்தது. அவை முடிந்துவிட்டால் விண்டோஸ் 11 பெட்டி வாங்குவதற்கு என்னைத் தடுக்க எதுவும் இல்லை. முடியாவிட்டால் இந்தப் பெட்டி நெட் இல்லாமல் ஓரமாக ஓடும், அஞ்சலும் பிரவுசரும் மிண்டில் நடக்கும். இரண்டில் எது என்று இப்போதே முடிவு செய்யவில்லை.

சும்மாஇரு | நவம்பர் 23, 2025 | இரவு 9.58

நெட் இல்லாமல் ஓரமாகவா? வாருங்கள், இங்கே இடம் இருக்கிறது. அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்தீர்கள்?

ஒற்றெழுத்து | நவம்பர் 23, 2025 | இரவு 10.04

மேலே ஒரு சீட்டு ஒட்டி, “32-பிட், பில், நவம்பர் 2025 வரை” என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்த வலது ஓர வெட்டு சரியாகும் வரை அங்கேதான் இருக்கும். விடாஸில் அச்சு அகலத்தை எங்கே மாற்றுவது என்று யாருக்காவது தெரியுமா?

நடுநிசி நிரலர் | நவம்பர் 24, 2025 | அதிகாலை 12.41

அதற்குப் புது இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன். உங்கள் பில்லில் ஒரு வரிக்கு 80 எழுத்தா, 132-ஆ என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.